ஓர் இழையில் மூன்று பணிகள்



தொலைபேசி, தொலைக்காட்சி, இணையம் ஆகிய மூன்றுக்கும் முன்பு வெவ்வேறு இணைப்பு; வெவ்வேறு கட்டணம். 2017 டிசம்பர் 27இல் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அமராவதியில் தொடங்கிவைத்த ஆந்திர மாநில ஃபைபர்நெட் திட்டம், மூன்றையும் ஒரே கண்ணாடி இழையில் கொணர்ந்தது. தெருவை அகழாது மின்கம்பங்களின் மீதே இழையைக் கட்டினர், செலவு குறைந்தது. தொடங்கியபோது கட்டணம் மாதம் 149 ரூபாயாகத்தான் இருந்தது. சிக்கனம் என்பது இதுவன்றோ! காற்றில் அவ்விழை அறுந்தால் மூன்றும் ஒருங்கே நின்றுபோகும் என்பது வேறு.

நாராயணவனத்தில் நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு பயில்கின்றனர், நன்றே. வீட்டில் தமிழ் ஒலிப்பதோ பெரும்பாலும் அந்தப் பெட்டியில். விரும்பிய அலைவரிசையைத் தனித்தனியே தெரிந்தெடுக்கும் உரிமை 2019 பிப்ரவரி முதல் டிராய் விதிகளின்படி நமக்குண்டு. தருகின்ற தொகுப்பை அப்படியே ஏற்காமல், தமிழ் அலைவரிசைகளின் பட்டியலை முதலில் கேட்டுப் பெறுங்கள்.