கொலைக்கு முன் பேசிய கடவுள்



ஆபேலைக் கொன்ற பின், தம்பி எங்கே என்று கடவுள் காயினிடம் கேட்டது நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆனால், கொலைக்கு முன்பே கடவுள் அவனிடம் பேசினார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தொடக்கநூல் 4ஆம் அதிகாரத்தில் காயினின் முகவாட்டத்தைக் கடவுள் கவனிக்கிறார். கோபத்தின் காரணத்தைக் கேட்கிறார். வாசலில் பதுங்கியிருக்கும் பாவத்தை அடக்கி ஆளச் சொல்கிறார். வயலில் இன்னும் இரத்தம் சிந்தவில்லை.

வன்முறைக்கு ஒரு 'முன்' உண்டு. அவமானம், பொறாமை, குடி, பேச்சு நின்றுபோன உறவு என அது வளர்கிறது. கை ஓங்குவது கடைசியில்தான்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் ஒரு காலத்தில் கத்திக்குத்துக்குப் பேர்போனது. கைதும் சிறையும் மட்டும் போதவில்லை. 2005இல் அங்குள்ள காவல்துறை வன்முறைத் தடுப்புக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கியது. தொற்றுநோயைத் தடுப்பதுபோல வன்முறையைத் தடுக்க முனைந்தார்கள். 2008இல், மோதிக்கொள்ளும் கும்பல்களின் இளைஞர்களை நீதிமன்றத்துக்கு வரவழைத்தார்கள். காவலர் எச்சரித்தார். காயங்களுக்குத் தையல் போடும் மருத்துவர் பேசினார். மகனைப் பறிகொடுத்த தாய் பேசினார். திருந்த விரும்புவோருக்குப் படிப்பும் வேலைப் பயிற்சியும் தேடித்தர ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தார்கள். பத்தாண்டுகளில் ஸ்காட்லாந்தில் கொலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இதற்குக் காரணங்கள் பல. முன்கூட்டியே பேச ஆள் இருந்ததும் அவற்றுள் ஒன்று.

நாம் என்ன செய்கிறோம்? அடுத்த வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால், அது அவர்கள் குடும்ப விவகாரம் என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி அரிவாளைத் தேடுவது தெரிந்தும் ஒதுங்கிக்கொள்கிறோம். இழவு விழுந்த பிறகு மாலையோடும் மெழுகுதிரியோடும் போய் நிற்கிறோம்.

அடிபடும் பெண்ணிடம் பொறுத்துப் போகச் சொல்வது சமாதானம் அல்ல. அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதும், 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைப்பதும் நம் கடமை. சினம் அடங்காத இளைஞனிடம், 'சாப்பிட்டாயா? என்ன ஆயிற்று?' என்று உட்கார்ந்து கேட்பதும் நம் கடமையே.

காயின் கேட்கவில்லை. நாம் பேசுகிறவர்களும் கேட்காமல் போகலாம். ஆயினும் கடவுள் பேசாமல் இருக்கவில்லை. இந்த வாரம் நம் அன்பியத்தில், சண்டை புகையும் ஒரு வீட்டை நினைத்துச் செபிப்போம். செபித்த கையோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

ஆண்டவரே, காலம் கடக்குமுன் பேசும் துணிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.