மழலையர் அறிவு வளர்வது விளையாட்டிலே!

எதிரணியிலே சிலேட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னே பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். என்ன கேட்டார்? "விடியக்காலையில சோறாக்கி வச்சுட்டு, கம்பெனி வண்டியேறிப் போயி, நாள் பூரா ஷூ அப்பர் தைச்சு, அந்தச் சம்பளத்துல எல்.கே.ஜி.க்குப் பணம் கட்டுறா ஒரு தாய். அங்கே போயும் பிள்ளை விளையாடணும்னா, வீட்டு வாசல் போதாதா?" நியாயமான கேள்வி அய்யா. இதைச் சிரிச்சுத் தள்ள நான் வரலை.

இதே கேள்வி 1907-லே ரோம் நகரத்திலே வந்திருக்கு. சான் லோரன்சோ என்று ஒரு ஏழைகள் குடியிருப்பு. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க. பிள்ளைங்க படிக்கட்டுல ஓடும், சுவத்துல கிறுக்கும். பிள்ளைங்க தனியாக் கிடக்குதேன்னு கட்டடத்துக்காரங்க கவலைப்படலை. சுவர் வீணாகுதேன்னு கவலைப்பட்டாங்க! (சிரிப்பு) இதுங்களை ஒரு அறையில வச்சுப் பார்த்துக்குங்கன்னு ஒரு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாங்க. அந்த அம்மாதான் மரியா மாண்டிசோரி.

உருளைக் கட்டை, பல நிறத் துண்டுன்னு கையிலே எடுத்துப் பார்க்கிற சாமானைக் கொடுத்து அந்த அம்மா பிள்ளைகளை விட்டாங்க. கொஞ்ச நாள்ல தாய்மார் வந்து நின்னாங்க. என்ன கேட்டாங்க தெரியுமா? எங்க புள்ளைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுங்க! நம்ம திமிரித் தாய் கேட்டதேதான். மாண்டிசோரி அம்மா அடிச்சு எழுத வைக்கலை. உப்புத்தாளிலே எழுத்தை வெட்டி ஒட்டினாங்க. பிள்ளைங்க விரலால தடவித் தடவிப் பார்த்துச்சு. சில மாசத்திலே ஒருநாள், அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் சாக்பீசை எடுத்துத் தரையிலே தானா ஒரு சொல்லை எழுதிட்டு, எனக்கு எழுத வருதுன்னு கூச்சல் போட்டான். பென்சில் பிடிச்சுப் பக்கம் பக்கமா எழுதின பையன் இல்லைங்க அவன். (கைதட்டல்)

எதிரணிக்கு ஒரு சலுகை தர்றேன். அந்த அம்மா இதை 'விளையாட்டு'ன்னு சொல்லலை, 'வேலை'ன்னுதான் சொன்னாங்க. பேரை நீங்க வச்சுக்குங்க, பிள்ளையை எங்ககிட்ட விடுங்க! (சிரிப்பு) அதே அம்மா 1939-லே நம்ம சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவங்க. யுத்தம் வந்து, திரும்ப முடியாமே, வருஷக்கணக்கா இந்தியாவிலேயே தங்கினவங்க.

சரி, மூணு வயசிலே பென்சில் பிடிச்சா என்னன்னு கேக்கலாம். நம்ம மணிக்கட்டிலே எட்டுச் சின்ன எலும்பு இருக்கு. பிறக்கும்போது அது எலும்பே இல்லை, வெறும் குருத்து. ஏறக்குறைய வருஷத்துக்கு ஒண்ணா இறுகுது. மூணு வயசுக் கையிலே பாதி இன்னும் குருத்துதான். அந்தக் கையைப் பிடிச்சு 'ஏ' எழுதுடா, 'பி' எழுதுடான்னா, அது அழாம என்ன செய்யும்?

அதுக்குப் பதிலா அந்தக் கையிலே அஞ்சு புளியங்கொட்டையைக் கொடுங்க. ஒரு பக்கம் கல்லுல தேய்ச்சா வெள்ளை, மறுபக்கம் கருப்பு. உருட்டிப் போடு. மூணு வெள்ளை, ரெண்டு கருப்பு. மறுபடி போடு. நாலு வெள்ளை, ஒரு கருப்பு. எத்தனை தடவை போட்டாலும் மொத்தம் அஞ்சுதான்னு ஒருநாள் அந்தப் பிள்ளைக்குப் பிடிபடும் பாருங்க, அதுதான் கூட்டல்! அதுதான் கழித்தல்! தாயம் ஆடின நம்ம பாட்டிங்க எந்தக் கான்வென்டிலே படிச்சாங்க? (கைதட்டல்)

ஆனா ஒண்ணு. கொட்டையை மூக்கிலே போட்டுக்காம ஒரு டீச்சர் பக்கத்திலே இருக்கணும். "கருப்பு எத்தனைடா கண்ணு?"ன்னு கேக்கணும். இங்கேதான் நண்பருக்கு என் பதில். வீட்டு வாசல்ல விளையாட விடுறது வேற. விளையாட்டாலே கத்துக் கொடுக்கிறது வேற. இரண்டாவதுக்கு ஆள் வேணும், நேரம் வேணும்.

1975-லே அங்கன்வாடித் திட்டம் வந்துச்சு. 1982-லே சத்துணவு வந்துச்சு. பெரிய காரியம், கை கூப்புறேன். ஆனா ஊர்ல பால்வாடிக்கு என்ன பேரு? சோறு போடுற இடம்! ஏன்? அந்த டீச்சரம்மாதான் எடை போடணும், கர்ப்பிணிங்க கணக்கு எழுதணும், சத்துமாவு கொடுக்கணும், பதிவேடு நிரப்பணும். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'ன்னு அவங்களுக்கு ஒரு பாடத்திட்டமே இருக்குங்க. ஆடவும் பாடவும் நேரம் எங்கே இருக்கு? அதைப் பார்த்துத்தானே நம்ம தாய் பணம் கட்டி வேற இடம் தேடுறா? அவளை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

நான் குத்தம் சொல்றது மூணு வயசுப் பிள்ளைக்கு இன்டர்வியூ வைக்கிறவங்களை. 1989-லே மாநிலங்களவையிலே எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் எழுந்து, புத்தக மூட்டை தூக்கிக் கூன் விழற பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினார். 1993-லே யஷ்பால் குழு அறிக்கை கொடுத்தது. நர்சரியிலே சேர்க்கத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்றது. அந்த வயசுப் பிள்ளை தலையிலே எழுத்தும் கணக்கும் திணிப்பதை வன்முறைன்னே எழுதியது. 2018-லே சென்னை உயர் நீதிமன்றம், ஒண்ணு ரெண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்றது. 2022-லே 'எண்ணும் எழுத்தும்' வந்து அரசுப் பள்ளி ஒண்ணாங்கிளாசிலேயே ஆட்டம், பாட்டு, பொம்மை எல்லாம் நுழைஞ்சாச்சு. ஒண்ணாங்கிளாசுல பிள்ளை ஆடிப்பாடுது, எல்.கே.ஜி.யிலே கைகட்டி வாய் பொத்தி உட்கார்ந்திருக்கு! இது என்ன நியாயம் நடுவர் அவர்களே? (சிரிப்பு, கைதட்டல்)

தாய்மார்களே, சாயந்திரம் கம்பெனி வண்டியிலேருந்து இறங்கி வந்ததும் பையைத் திறந்து நோட்டைப் பார்க்கிறீங்க. எத்தனை பக்கம் எழுதினேன்னு கேக்குறீங்க. நீங்க கேக்குறதாலேதான் பள்ளிக்கூடத்துக்காரர் எழுத வைக்கிறார். நாளைக்கு, "இன்னைக்கு யார்கூடடா விளையாடினே? என்ன செஞ்சே?"ன்னு கேட்டுப் பாருங்க. பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியலைன்னா, மறுநாள் போய் டீச்சரைக் கேளுங்க.

நடுவர் மணியைத் தொட்டுட்டார். பரீட்சை மணி மாதிரியே இருக்கு, எனக்கும் பயமா இருக்கு. (சிரிப்பு)