அறிந்தார் அறிவும் ஓட்டுவார் கையும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊர்திப் பயணத்தில் உயிர்க்காப்பு என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் தமிழ் கற்பிக்கும் தொழிலினேம். பொறிகளின் நுட்பம் அறியேம். எனினும், ஒருவர் அறிந்ததைப் பிறர் அறியச் செய்தலே ஆசிரியத் தொழிலாதலின், அவ்வொரு கூற்றைப் பற்றி மட்டும் பேசத் துணிந்தோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. விபத்துக்குக் காரணம் இன்னதென்று அறிஞர் ஆராய்ந்து எழுதிவைத்தலால் மட்டும் ஓர் உயிரும் பிழைப்பதில்லை. அவ்வறிவு ஊர்தியை நடத்துவான் கைக்கு எட்டும்போதே உயிர் பிழைக்கின்றது. இதற்கு வான்வழிப் போக்குவரத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

1974-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், அமெரிக்க நாட்டில், டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் என்னும் நிறுவனத்தின் விமானம் ஒன்று வாஷிங்டன் நகரை அடுத்த டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வருங்கால், வழியிலிருந்த மவுண்ட் வெதர் என்னும் மலையில் மோதிற்று. அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். நிலையத்தை அணுகலாமென்று தரையிலிருந்து வழிகாட்டுவோர் விடுத்த சொல்லை, உடனே தாழ இறங்கலாமென்று விமானிகள் பொருள் கொண்டனர். சொல் ஒன்று, பொருள் இரண்டு. அவ்வேறுபாடே கூற்றுவனாயிற்று.

இதனினும் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. அதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் முன்னரே, யுனைடெட் ஏர்லைன்ஸ் என்னும் வேறொரு நிறுவனத்தின் விமானம் அவ்வாறே பொருள்கொண்டு இறங்கி, அவ்விடத்திலேயே மோதாது மயிரிழையில் தப்பியது. அந்நிறுவனம் தன் விமானிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. பிற நிறுவனத்து விமானிகளுக்கோ அஃது எட்டவில்லை. ஆகவே அவ்விடர் அறியப்படாத ஒன்றன்று, பகிரப்படாத ஒன்று.

இத்துயரத்தின் பின்னர், 1976-இல் ஓர் ஏற்பாடு தோன்றிற்று. விமானிகளும் வழிகாட்டுவோரும் தாம் இழைத்த பிழையையும், தப்பிய இடரையும் தாமே எழுதி அனுப்பலாம். தண்டிக்கும் அதிகாரமுடைய அரசுத் துறை அதற்குப் பொருளுதவி செய்கின்றது. ஆயினும் கடிதங்களைப் பெறுவது அத்துறையன்று, நாசா என்னும் ஆராய்ச்சி நிறுவனமே. எழுதியவர் பெயர் நீக்கப்படுகின்றது. அறியாது விதியை மீறிப் பத்து நாட்குள் தெரிவித்தவர்க்குத் தண்டனையினின்றும் பெரும்பாலும் விலக்குண்டு. வேண்டுமென்றே செய்தார்க்கும், குற்றம் புரிந்தார்க்கும் அவ்விலக்கில்லை. திரண்ட செய்திகளுட் சிறந்தவை, 1979 முதல், மாதந்தோறும் ஒரு சிறு தாளாக விமானிகட்கு எட்டி வருகின்றன.

பிழைத்தவனைத் தண்டியாது விட்டால் ஒழுங்கு கெடாதோ என்பார் உளர். வேண்டுமென்று செய்தவனையும் அறியாது செய்தவனையும் ஒரே கோலால் அளத்தல் நீதியன்று. தண்டனைக்கு அஞ்சியவன் பிழையை மறைப்பான். மறைத்த பிழை மற்றொருவன் உயிரைக் கொள்ளும்.

இனி, செய்தி செவிக்கு எட்டுதல் வேறு; அது பழக்கமாதல் வேறு. 1978 டிசம்பர் 28-ஆம் நாள் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று போர்ட்லண்ட் நகரை அணுகியபோது, அதன் சக்கரங்கள் செவ்வையாக இறங்கினவோ என்னும் ஐயம் எழுந்தது. தலைமை விமானி அதனையே கருதி வானில் வட்டமிட்டனர். எரிபொருள் குறைந்து வருதலை உடனிருந்தோர் அறிந்திருந்தும், அழுத்தந்திருத்தமாக எடுத்துரைத்திலர். முடிவில் எரிபொருள் தீர்ந்து விமானம் வீழ்ந்தது, பதின்மர் இறந்தனர். அறிவு அவ்விமானத்தினுள்ளேயே இருந்தது. தலைவர் செவிக்குத்தான் ஏறவில்லை.

1979-இல் நாசா நிறுவனம், ஆராய்ச்சியாளரையும் விமான நிறுவனத்தாரையும் ஓரவையிற் கூட்டி இக்குறையை ஆராய்ந்தது. 1981-இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகட்குப் புதியதொரு பயிற்சியைத் தொடங்கிற்று. கீழிருப்போன் அஞ்சாது உரைத்தல், தலைவன் கேட்டு ஆராய்தல், வேலையைப் பகிர்தல் ஆகியவையே அதன் பாடங்கள். 1989 ஜூலை 19-ஆம் நாள் அந்நிறுவனத்தின் விமானம் ஒன்றில் பின்புறத்து எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் கருவிகள் யாவும் செயலிழந்தன. தலைவர் ஆல்பிரட் ஹெய்ன்ஸ் உடனிருந்தோரையும், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவரையும் துணைக்கொண்டு, எஞ்சியிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் சூ சிட்டி நகரிற் கொண்டுவந்து இறக்கினர். 296 பேருள் 184 பேர் பிழைத்தனர். அப்பயிற்சியே துணைநின்றது என்று அவரே பின்னர்ப் பல அவைகளில் எடுத்துரைத்தனர்.

அன்பர்களே! வானத்துச் செய்தி நமக்கெதற்கு என்று எண்ணற்க. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். நம்முள் லாரி உடையோரும், பேருந்து ஓட்டுவோரும், பள்ளி வண்டி நடத்துவோரும் உளர். மாதம் ஒருநாள் ஓட்டுநர்களை நம் சங்கக் கட்டடத்திற் கூட்டுவோம். எந்த வளைவில் தப்பினோம், எந்த நேரத்தில் கண் சொக்கிற்று என்பதை அவர்களே சொல்லட்டும். சொன்னவர் பெயரை நீக்கிச் செய்தியை மட்டும் இவ்வெளியீட்டில் அச்சிடுவோம். அறிந்த வல்லுநரை அழைத்துப் பயிற்சி தருவிப்போம். "அண்ணே, உறக்கம் வருகிறது போலும், வண்டியை நிறுத்துங்கள்" என்று கிளீனர்ப் பிள்ளை சொல்லின், அதனை அதிகப்பிரசங்கித்தனம் என்னாது கேட்கும் வழக்கத்தை ஓட்டுநர்க்கு ஊட்டுவோம்.

வண்டி உடைய பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். உண்மை சொன்ன ஓட்டுநரின் கூலியைப் பிடிக்காதீர். அவர் வாயை அடைத்தால், நாளை அதே வளைவில் வரப்போகும் மற்றொருவரின் வழியையும் அடைத்தவராவீர். அவ்வண்டியில் நம் பிள்ளைகளும் இருப்பர்.