கையில் நிற்கும் வித்தை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மெஷினைப் பத்திப் பேசுவான்னு கூப்பிட்டா, மூளையைப் பத்திப் பேசுறேங்கிறானே" என்று செயலாளர் கவலைப்படுவது தெரிகிறது. நான் டாக்டர் இல்லை. தொழிற்சாலையில் கன்ட்ரோல் சிஸ்டம் பார்க்கிற மெக்கானிக்கல் ஆள். ஆனால் கை ஒரு வேலையை எப்படிக் கற்கிறது, கற்றதை எப்படி வைத்துக்கொள்கிறது என்று தேடித் தேடிப் படிக்க வேண்டிய அவசியம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள பேளுக்குறிச்சி. சனிக்கிழமைச் சந்தைக்கும் மசாலாச் சாமானுக்கும் பேர் போன ஊர். எங்க அம்மாயி சந்தைக்குப் போகிற கொத்தமல்லியையும் கடுகையும் முறத்தில் சுத்தம் செய்வார். புடைப்பது வேறு, கொழிப்பது வேறு, தெள்ளுவது வேறு. ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டு ஒவ்வொரு மாதிரி திரும்பும். தூசி முன்னால் போகும், கல் ஓரம் ஒதுங்கும், மணி நடுவில் நிற்கும். "எப்படி அம்மாயி செய்யறீங்க?" என்று கேட்டால், "அதெல்லாம் சொல்லத் தெரியாது கண்ணு, கைக்குத் தெரியும்" என்பார்.

இது ஏதோ பாட்டி பேச்சு என்று நினைக்காதீர்கள். விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்ள 1962 வரை ஆயிற்று. அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு 1953-ல், அவருடைய 27-வது வயதில், வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அதன் கோடுகளுக்கு நடுவில் பென்சில் ஓட்டச் சொன்னார். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ், கை தடுமாறும். மூன்று நாள் பழகினார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. மூன்றாம் நாள் அழகாக வரைந்தார். ஆனால் அதற்கு முன் அந்த வேலையைச் செய்த நினைவே அவருக்கு இல்லை. மனசுக்குத் தெரியாமலேயே கை கற்றிருந்தது! நடந்ததை நினைவு வைக்கிற இடம் ஒன்று, செய்யும் திறமையை வைக்கிற இடம் வேறு என்று அப்போதுதான் தெளிவாயிற்று.

அந்த வேறு இடத்தில் முக்கியமானது பின்மண்டையில் உள்ள சிறுமூளை. பேர்தான் சிறுமூளை. எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. எதற்கு இவ்வளவு?

கன்ட்ரோல் படித்தவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை திருந்துவதற்குள் ஏறக்குறைய 0.15 முதல் 0.2 நொடி ஆகிவிடும். அதற்குள் முறத்தில் எழும்பிய கடுகு கீழே வந்திருக்கும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸைத் திருப்புகிற டிரைவரும், வண்டி விலகின பிறகு திருத்தினால் போதும் என்று இருக்க முடியாது. ஆகவே ஃபீட்பேக் மட்டும் போதாது, முன்கூட்டியே கணிக்கிற ஃபீட் ஃபார்வேர்டு வேண்டும். இந்த அசைவுக்கு இதுதான் விளைவு என்று சிறுமூளை கணித்துவைக்கிறது. நடந்தது கணிப்போடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு பிழைச் செய்தி வருகிறது. பிழையோடு சேர்ந்து இயங்கிய நரம்பு இணைப்புகள் வலுக் குறைகின்றன. இணைப்புகளின் வலு மாறுவதால்தான் சிறுமூளை கற்கிறது என்று 1969-ல் டேவிட் மாரும், அந்த வலு குறையத்தான் வேண்டும் என்று 1971-ல் ஜேம்ஸ் ஆல்பஸும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஆல்பஸ், நாசாவில் வேலை பார்த்த நம்மைப் போன்ற ஒரு பொறியாளர்! இணைப்பு உண்மையிலேயே வலுக் குறைவதை ஜப்பானில் மசாவோ இட்டோ 1982-ல் சோதனையில் காட்டினார். முழுக்கதை இதைவிடச் சிக்கலானது, மூளையின் வேறு பகுதிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் அடிப்படை இதுதான்: பிழை வந்தால்தான் கை திருந்தும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. பயிற்சி நேரத்தில் கை காட்டுகிற சாமர்த்தியம் வேறு, நாளைக்குக் கையில் நிற்பது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பல பேர் ஏமாறுகிறோம்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். தினமும் ஒரு மணி நேரம் ஒரு பேட்ச், அவ்வளவுதானே? பிரிட்டிஷ் தபால் துறையில் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பழக்கியபோது பேட்லி, லாங்மன் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1978-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரு மணி நேரம், இன்னொரு குழுவுக்குத் தினம் நான்கு மணி நேரம், இடையில் இரண்டு குழுக்கள். மொத்த மணிக்கணக்கில் பார்த்தால் குறைந்த நேரத்தில் கற்றது தினம் ஒரு மணி நேரக் குழுதான். ஆனால், முறை பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது அதிகம் குறைப்பட்டதும் அதே குழுதான்! நாள் கணக்கில் இழுக்கிறதே என்று அவர்களுக்குச் சலிப்பு.

அடுத்தது, கலந்து பழகுவது. ஷியா, மார்கன் என்ற இருவர் 1979-ல் மூன்று விதமான கை அசைவுகளைப் பழக்கினார்கள். ஒரு குழு ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது. இன்னொரு குழு மூன்றையும் மாற்றி மாற்றி. பழகும்போது இரண்டாவது குழு திணறியது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்கள் கைதான் நன்றாக வேலை செய்தது.

மூன்றாவது தூக்கம். 2002-ல் மாத்யூ வாக்கரும் அவருடைய குழுவினரும் விரல் தட்டும் வரிசை ஒன்றைப் பழக்கினார்கள். இடையில் ஒரு பழக்கமும் இல்லாமலேயே, ஒரு இரவுத் தூக்கத்துக்குப் பின் வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. அந்த அளவு சரிதானா என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். ஆனால் பயிற்சியை நிறுத்திய பிறகும் மூளை அந்த வேலையைத் தொடர்ந்து கெட்டிப்படுத்துகிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்க அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை பார்த்தவர். 2019-ல் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. சில வாரத்தில் விரல்கள் கொஞ்சம் அசைந்தன. ஆனால் வலது கையால் ஒரு டம்ளரை எடுக்க நேரமாகிறது, இடது கையால் உடனே எடுத்துவிடலாம். அதனால் எல்லாம் இடது கைக்குப் போயிற்று. வந்த சொந்தக்காரர்கள் பாசத்தில் ஊட்டியும் விட்டார்கள். கை இன்னும் முடங்கியது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்: பயன்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்வது. ஆமாம், மூளை அதையும் கற்றுக்கொள்கிறது!

பிசியோதெரபி பார்த்த தங்கை ஒருவர் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டார். "ஐயா, இனி சோத்துக் கைதான் வேலை செய்யணும்" என்றார். அமெரிக்காவில் 222 நோயாளிகளை வைத்து இந்த முறையைச் சோதித்து 2006-ல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை. கூடவே பாதித்த கைக்குத் தீவிரப் பயிற்சி. அந்தக் கையின் வேலைத் திறன் மற்றவர்களைவிடக் கூடியது. விரலிலும் மணிக்கட்டிலும் கொஞ்சமாவது அசைவு மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். சொந்தமாகக் கட்டிப் பார்க்காதீர்கள், பயிற்சி பெற்றவர் துணை வேண்டும்.

எங்கள் வீட்டில் மிளகையும் கொத்தமல்லியையும் கலந்து தட்டில் கொட்டினோம். அப்பா பிரித்து எடுப்பார். சலித்தால் நட்டு போல்ட்டு, பிறகு துணி மடிப்பது, திரும்ப மிளகு. முதல் நாள் ஒரு கைப்பிடி பிரிக்க அரை மணி நேரம். கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டார். "ஏப்பா, நேத்து இதைவிட நல்லா வந்துச்சே?" என்று பல நாள் கேட்டிருக்கிறார். அன்றன்றைக்குக் கணக்குப் பார்க்காமல் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் குறித்து வைத்தோம். அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. இன்று அவர் தன் கையால் சாப்பிடுகிறார், கையெழுத்துப் போடுகிறார். இழைப்புளி பிடிக்க முடியவில்லை. அந்த வருத்தம் அவருக்கு உண்டு.

தம்பி தங்கைகளே, ரிக்கார்டு எழுதி முடிப்பதற்காக ஒரே மதியத்தில் நாலு ஜாயின்ட்டை அறுத்துத் தள்ளாதீர்கள். பிராக்டிகலுக்கு முந்தின ராத்திரி கண் விழிக்காதீர்கள். வெல்டிங்கோ லேத்தோ வீணையோ, கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி, தூங்கி எழுந்து பழகுங்கள். அன்றைக்குக் கை திணறினால் "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வாரம் கழித்துச் செய்து பாருங்கள், அதுதான் உண்மையான மார்க்.

என் வயது நண்பர்களே, உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள். சட்டை பட்டன் போட அவர்கள் நேரம் எடுத்துக்கொண்டால் அவசரப்பட்டு நாம் போட்டுவிட வேண்டாம். அந்த ரெண்டு நிமிஷம் அவர்கள் கைக்குப் பாடம் நடக்கிற நேரம்.