வின்னிபெக்குக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள்



கனடாவில் வின்னிபெக்குக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பது, அறை வாடகை எவ்வளவு என்றுதான். ஹீட்டிங் அதில் அடக்கமா, பஸ் ஸ்டாப்புக்கு எத்தனை நிமிஷ நடை என்றும் கேளுங்கள். ஜனவரியில் சில நாள் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும். காற்றும் சேர்ந்தால் மைனஸ் 40 போல் இருக்கும்; மூடாத காது பத்து நிமிஷத்துக்குள் உறைந்து மரத்துப்போகலாம். ஊர்க்கோடியில் மலிவாக அறை பிடிப்பது சிக்கனமே இல்லை என்பேன். கோட்டும் பூட்ஸும் அங்கே போய் வாங்கட்டும். இங்கே கிடைப்பது அந்தக் குளிருக்குத் தாங்காது.

விசாவுக்குக் காட்டும் ஜீவனச் செலவுத் தொகையை 2025 செப்டம்பரில் 22,895 டாலராக உயர்த்தினார்கள். படிப்புக் கட்டணமும் விமானச் செலவும் இதில் சேராது. படிப்பு நடக்கும்போது வெளி வேலைக்கு வாரம் 24 மணி நேரம்தான் அனுமதி. அந்தச் சம்பளத்தை நம்பி முதல் வருஷத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

தயிர் உறையவில்லை என்று குழந்தைகள் புலம்புவார்கள். உறை ஊற்றி, ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். தனியாக இருக்கும் பிள்ளைக்கு அதுதான் கஷ்டமான வேளை. அங்கே மாலை ஆறு என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. டிகாக்ஷன் இறங்குவதற்குள் ஒரு போன் பண்ணிவிடுங்கள்.