அணுவுலை விபத்தும் துப்புரவுப் பணியும்

(மேரு வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



விடியுமுன் எழுந்து, மரம் சீவி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்த களைப்போடு இம்மாலையில் இங்கே கூடியிருக்கின்றீர்கள். ஓய்வு நேரத்தை எமக்கு அளித்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், அணுவுலை விபத்துக்குப் பின் நடைபெறும் துப்புரவுப் பணியும் கதிர்வீச்சு பற்றிய அச்சமும் ஆகும். "நம் நாட்டில் அணு மின்நிலையமே இல்லையே ஐயா, நமக்கு இது எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் வாயிலிலேயே எம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. மலேசியாவில் அணு மின்நிலையம் இல்லை என்பது உண்மையே. பாங்கியில் 1982ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய சிறிய உலை ஆராய்ச்சிக்காக அமைந்தது; மின்சாரத்திற்காக அன்று. ஆயினும் கதிரியக்கக் கழிவை அள்ளிப் புதைக்கும் பெரும்பணி ஒன்று நம் நாட்டிலேயே, பேராக் மாநிலத்தில் நடந்தது. அதனை நாம் அறியாதிருத்தல் தகாது.

முதலில் கதிர்வீச்சு யாதென அறிவோம். சில பொருள்களின் அணுக்கள் நிலையற்றவை. அவை தாமே சிதைந்து, கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற கதிர்களை வெளிவிடுகின்றன. நாம் நிற்கும் மண்ணிலும் உண்ணும் வாழைப்பழத்திலும்கூட இது சிறிதளவு உண்டு, அதனால் தீங்கில்லை. அளவு மிகும்போதுதான் உடலின் உயிரணுக்கள் கெடுகின்றன. பல்லாண்டு கழித்துப் புற்றுநோய் தோன்றவும் கூடும்.

ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். நெருப்பின் அருகே நின்றால் வெப்பம் தாக்கும், விலகினால் நின்றுவிடும். ஆனால் கையிலும் சட்டையிலும் படிந்த கரி நம்முடன் வீடுவரை வரும்; குழந்தையைத் தூக்கினால் அதன் கன்னத்திலும் ஒட்டும். கதிர்வீச்சு அவ்வெப்பத்தைப் போன்றது. கதிரியக்கத் தூசு அக்கரியைப் போன்றது. அணுவுலை உடைந்து சிதறினால் ஊரெங்கும் படிவது இந்தக் கரியே. அதனை அகற்றுவதே துப்புரவு.

ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கதிரியக்கப் பொருளைக் கழுவினால் அது நீரில் சேரும். எரித்தால் சாம்பலில் தங்கும். மண்ணோடு வெட்டினால் மூட்டையில் இருக்கும். அதனை அழிக்க இயலாது. இடம் மாற்றிக் காவல் காக்கவே இயலும். இந்த ஒரு கருத்தையேனும் இன்று நீங்கள் மனத்தில் இருத்திச் செல்ல வேண்டுகின்றோம்.

காலம் ஒன்றே அதனைத் தணிக்கும். அயோடின்-131 என்பது 8 நாள்களில் பாதியாகக் குறையும். சீசியம்-137 பாதியாவதற்கு 30 ஆண்டுகள் செல்லும். தோரியம் பாதியாவதற்கோ 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும்.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அன்றைய சோவியத் ஒன்றியத்தில், இன்று உக்ரேன் நாட்டில் அடங்கிய செர்னோபிலில், அணு மின்நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. அருகிலிருந்த பிரிப்பியாட் நகரத்து மக்கள் ஏறத்தாழ 49,000 பேர் மறுநாள் வெளியேற்றப்பட்டனர். அயோடின் படிந்த புல்லைப் பசு மேய்ந்தது. அப்பசுவின் பாலைப் பிள்ளைகள் அருந்தினர். பிற்காலத்தில் அப்பகுதிப் பிள்ளைகளாக இருந்தோருள் ஆயிரக்கணக்கானோருக்குத் தைராய்டுச் சுரப்பியில் புற்றுநோய் கண்டது.

அங்கே துப்புரவுக்குச் சென்றவர் யார்? போர்வீரர், சுரங்கத் தொழிலாளர், வண்டியோட்டிகள், கட்டடத் தொழிலாளர் என ஏறத்தாழ 600,000 பேர். உலைக் கூரையில் சிதறிக் கிடந்த துண்டுகளை மண்வாரியால் தள்ள ஏறியவர் அங்கே நிற்க ஓரிரு நிமிடமே அனுமதிக்கப்பட்டனர். விபத்து எவரால் நேரினும், கூட்டித் தள்ளுகின்ற கை தொழிலாளியின் கையாகவே இருக்கின்றது.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. புக்குஷிமாவில் மின்சாரம் அற்றுக் குளிர்விக்கும் பொறிகள் நின்றன. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தனர். சீசியம் மேல்மண்ணில் தங்கியதால், வயல்களிலும் பள்ளித் திடல்களிலும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு மண்ணைச் சுரண்டி எடுத்தனர். மேல்மண் என்பது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. சரிவில் மழை அரிக்காதிருக்க மூடுபயிர் போட்டுக் காப்பவர்கள் நீங்கள். தலைமுறை தலைமுறையாக எருவிட்டு வளர்த்த அம்மண்ணை அங்குள்ள உழவர் கண்முன்னே மூட்டை கட்டினார்கள்.

அவ்வாறு சேர்ந்த மண் ஏறத்தாழ 140 இலட்சம் கன மீட்டர். ஒக்குமா, புத்தாபா என்னும் இரண்டு ஊர்களில் அது தற்காலிகமாக வைக்கப்பட்டது. 2045ஆம் ஆண்டுக்குள் அதனைப் புக்குஷிமாவுக்கு வெளியே கொண்டுசெல்ல ஜப்பானியச் சட்டம் உறுதி கூறுகின்றது. காடுகளையோ முழுவதும் துப்புரவு செய்ய இயலவில்லை; வீடுகளை ஒட்டிய ஓரங்களையே பெரும்பாலும் செய்தனர். உலைகளுக்குள் உருகிக் கிடக்கும் பொருள் ஏறத்தாழ 880 டன் என மதிப்பிடப்படுகின்றது. 13 ஆண்டுகள் முயன்று, 2024ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியே எடுக்கப்பட்ட மாதிரி ஒரு கிராமுக்கும் குறைவு. இப்பணியின் கடுமையை விளக்க இதுவே போதும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பேராக்கில், ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் என்னும் ஆலை 1982இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றும் அதில் பங்கு கொண்டிருந்தது. ஈயச் சுரங்கங்களில் எஞ்சிய அமாங் எனும் மணலிலிருந்து, வண்ணத் தொலைக்காட்சி போன்றவற்றிற்கு வேண்டிய அரிய உலோகங்களைப் பிரித்தெடுத்தது. பிரித்தபின் மிஞ்சியது தோரியம் கலந்த கழிவு. இது அணுவுலை விபத்தன்று. ஆயினும் கழிவின் இயல்பு ஒன்றே.

1984இல் பாப்பான் மக்கள் தம் ஊரருகே அக்கழிவுக்குக் குழி அமைவதை எதிர்த்தனர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் ஈப்போ உயர்நீதிமன்றத்தை நாடினர். தம் பிள்ளைகளின் நோய்களுக்கு ஆலையே காரணம் என்றனர் மக்கள். இல்லை என்றது நிறுவனம். 1992 ஜூலை 11ஆம் நாள் உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் 1994இல் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது.

ஆலை மூடிற்று, கழிவு மூடவில்லை. கட்டடங்களை இடித்து, மாசுற்ற மண்ணை அள்ளி, பாப்பான் அருகே கிளெடாங் மலைப்பகுதியில் அமைத்த காப்பிடத்தில் புதைக்கும் பணி பல ஆண்டுகள் நீடித்தது. அதற்கான செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர். பன்னிரண்டே ஆண்டுகள் நடந்த ஆலைக்கு இத்தனை செலவு! தொடங்குமுன்னரே கழிவை எங்கே வைப்பது என்று கேட்டு, அருகில் வாழும் மக்களுக்கு விளங்கச் சொல்லியிருந்தால் வழக்கும் அச்சமும் பெருமளவு குறைந்திருக்கும். செய்தித்துறைப் பணியாளராகிய எமக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. மக்களுக்கு முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்லலாகாது.

தோழர்களே! இவற்றால் நாம் அறிந்து நடக்க வேண்டியவை யாவை?

முதலாவது, நேரம், தூரம், தடுப்பு என்னும் மூன்று. கதிர்வீச்சுள்ள இடத்தில் குறைந்த நேரம் நில்லுங்கள், தூர விலகுங்கள், சுவரோ இரும்போ இடையில் இருக்கட்டும். புகைக்கூட நெருப்புக்கும் இதே விதிதானே! தூசு படிந்திருந்தால் வெளியுடையை வாயிலிலேயே களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே பிள்ளையைத் தொடவேண்டும். களைக்கொல்லி மருந்தடிக்கும் தாய்மார்களுக்கு இவ்வொழுக்கம் புதிதன்று.

இரண்டாவது, மஞ்சள் நிறத்தின்மேல் மூன்று இதழ் விசிறி போன்ற கறுப்புக் குறி. இக்குறியுள்ள பெட்டியோ உருளையோ எங்கே கிடந்தாலும் தொடாதீர்கள், உடைக்காதீர்கள், பழைய இரும்பாக விற்காதீர்கள். காவல் துறைக்கு அறிவியுங்கள். 1987இல் பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியைப் பழைய இரும்பென்று எடுத்து உடைத்தனர். உள்ளே நீலமாய் ஒளிர்ந்த சீசியம் தூளை உறவினருக்கும் பங்கிட்டனர். நால்வர் மாண்டனர், அவருள் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. வீடுகள் இடிக்கப்பட்டு மண் அள்ளப்பட்டது. அணு மின்நிலையம் இல்லாத ஊரிலும் துப்புரவு தேவைப்படலாம் என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது, வேலைக்கு அழைக்கப்படும்போது கேள்வி கேட்டல். தோட்ட வேலையை விட்டு ஆலைகளுக்கும் கட்டுமானத்திற்கும் செல்லும் நம் இளைஞர் பலர். கதிரியக்கப் பொருளுள்ள இடமெனில், உரிமம் உண்டா, பயிற்சி தருவீர்களா, உடலில் பட்ட அளவைக் காட்டும் பட்டை தருவீர்களா என்று கேளுங்கள். 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம் நம் நாட்டில் இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்துகின்றது. கேட்பது குற்றமன்று, உங்கள் உரிமை.

நான்காவது, வதந்தி. 2011இல் ஆசிய நாடுகள் பலவற்றில், "மழையில் கதிர்வீச்சு வருகின்றது, கழுத்தில் அயோடின் மருந்தைப் பூசுங்கள்" என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகளில் பரவியது. புண்ணுக்குப் பூசும் மருந்தைக் கழுத்தில் தடவுவதால் எப்பயனும் இல்லை. அயோடின் மாத்திரையும் உரியவர் சொல்லும்போது மட்டுமே உண்ணத்தக்கது. அச்சமூட்டும் செய்தி வந்தால், பிறருக்கு அனுப்புமுன் விசாரியுங்கள்.

பெருமக்களே! கண்ணுக்குத் தெரியாததைக் கண்டு நடுங்குவதும் பேதைமை. கண்ணுக்குத் தெரியவில்லை என்று அலட்சியம் செய்வதும் பேதைமை. மரத்தின் பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைக் கை அளவால் அறிந்தவர்கள் நீங்கள். சிறிது ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோட்டமானால் பால் வாராது. அந்த அளவறிவையே இதிலும் கைக்கொள்ளுங்கள். இங்குக் கேட்டதை இன்றிரவு வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். மூவிதழ்க் குறியைத் தாளில் வரைந்து காட்டுங்கள்.