வென்ற பின் வரும் கணக்கு



பட்டமளிப்பு விழாவிலே பேச வருகிறவர்கள் உழைப்பையும் ஒழுக்கத்தையும் பற்றி உபதேசித்துவிட்டு அமர்வது நெடுநாளைய சம்பிரதாயம். அந்த உபதேசத்தை உங்கள் தாய் தந்தையர் இருபது ஆண்டுகளாக என்னைவிட நன்றாகவே செய்து வந்திருக்கிறார்களாதலால், அவர்களுடைய வேலையில் நான் தலையிடப் போவதில்லை. 2001-ல் காபூலிலும் 2003-ல் பாக்தாதிலும் அந்நியப் படைகள் புகுந்தபோது எந்தத் தளபதி எந்த வாசல் வழியாக நுழைந்தான் என்பதையெல்லாம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஆனால் அதற்கு மறுநாள் காலையில் அந்த தேசத்தை யார், எதைக் கொண்டு, எவ்விதம் ஆளுவது என்ற கேள்வி, அதற்குரிய கவனத்தைப் பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன். அதற்கு நாம் காபூலுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. இந்த ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையிலேயே அந்தப் பாடம் முழுவதும் ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது.

1791-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பெங்களூரைக் கைப்பற்றியிருந்த கிழக்கிந்தியக் கும்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவின் சைன்யம் இந்த வழியாக வந்தது. ஓசூரும் ராயக்கோட்டையும் வெகு சீக்கிரத்தில் கைமாறின. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மட்டும் மசியவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற தளபதி அடிவாரத்துப் பேட்டையைப் பிடித்தும், மேலே ஏற முடியாமல் ஆட்களைப் பறிகொடுத்துத் திரும்பினார். பீரங்கிக்கு அசையாத அந்தக் கோட்டை, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கையினால், ஒரு குண்டும் வெடிக்காமல் கும்பெனியாருக்கு வந்து சேர்ந்தது. திப்பு சுல்தான் தம் ராஜ்யத்தில் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க இசைந்து, அதற்குப் பிணையாகத் தம் புதல்வர் இருவரை அனுப்பி வைத்தார். கும்பெனியின் பங்கில் வந்த பிரதேசங்களுள் ஒன்று, கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால். ராயக்கோட்டை கும்பெனியிடம் தங்க, ஓசூர் திரும்பவும் திப்புவிடமே போயிற்று. இன்று சுங்கச்சாவடியில் ஒரு நிமிஷம் நிற்பதைத் தவிர வேறு தடையின்றி நீங்கள் பஸ்ஸிலே கடக்கிற அந்தச் சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரத்திற்குள், ஏழு வருஷ காலம், ஒன்றையொன்று சந்தேகித்த இரண்டு சர்க்கார்களின் எல்லை இருந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகே ஓசூர்ச் சீமையும் கும்பெனியின் கைக்கு வந்தது.

கைக்கு வந்த பாராமகாலை என்ன செய்வது என்பதுதான் சங்கடமான விஷயம். கோட்டைகளில் கொடி ஏறிவிட்டது. ஆனால் எந்த ஊரில் எவ்வளவு நிலம், அதில் எவ்வளவு ஏரிப் பாய்ச்சல், எவ்வளவு மானாவாரி, யார் உழுகிறார், யார் எவ்வளவு கட்டி வந்தார் என்பது வெற்றி பெற்றவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்தார்கள். ராஜாக்கள் மாறியும் தாம் மாறாத கிராமக் கர்ணங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததைப் புதிய துரைக்குச் சொல்ல வேண்டிய முகாந்தரந்தான் அவர்களுக்கு இல்லை. இதற்கிடையே, ஹைதர் காலத்திலும் திப்பு காலத்திலும் அதிகாரம் இழந்திருந்த பாளையக்காரர்கள் பழைய உரிமைகளைக் கேட்டு வந்து நின்றார்கள். படையெடுப்பு என்று ஒன்று எந்த தேசத்தில் நடந்தாலும் இந்த இரண்டு கூட்டத்தாரும் தவறாமல் தோன்றுகிறார்கள்: எல்லாம் அறிந்து மௌனம் சாதிக்கிற பழைய உத்தியோகஸ்தர்கள், ஒன்றும் அறியாமல் உரிமை கொண்டாடுகிற பழைய பிரபுக்கள்.

காரன்வாலிஸ் இந்தச் சீமையைச் சென்னையிலிருந்த சிவில் உத்தியோகஸ்தர்களிடம் ஒப்படைக்கவில்லை. பிரஜைகளின் பாஷை அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அவர்களுடைய நாணயத்தைப் பற்றியும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆகவே, ஆம்பூரில் ஒற்று வேலை பார்த்து இந்தப் பக்கத்து மனிதர்களை அறிந்திருந்த காப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற சிப்பாயை அழைத்து, அவருக்கு உதவியாக மன்றோ, கிரஹாம், மக்லவுட் என்ற மூன்று சிப்பாய்களையும் கொடுத்தார். ரீட் திருப்பத்தூரில் இருந்தார். கிரஹாம் கிருஷ்ணகிரிப் பக்கத்தையும், மக்லவுட் தெற்கே சேலத்தையும் பார்த்துக்கொண்டார்கள். முப்பது வயதை அப்போதுதான் கடந்திருந்த தாமஸ் மன்றோ தர்மபுரியில் அமர்ந்தார். அமர்ந்தார் என்று சொல்வதுகூடப் பிழை; வருஷத்தில் பெரும்பகுதியும் அவர் வாசம் செய்தது கூடாரத்திலேதான். ஒரு கேழ்வரகுக் கொல்லையின் வரப்பிலே சங்கிலி பிடித்தவர்கள் இருவர், ஓலையும் காகிதமுமாகக் கர்ணம் ஒருவர், தன் நிலம் குறைத்து அளக்கப்பட வேண்டுமே என்று கூடவே நடக்கிற குடியானவர், பக்கத்து நிலம் கூட்டி அளக்கப்பட வேண்டுமே என்று அவருக்குப் பின்னால் வருகிற பங்காளி, இவர்கள் அத்தனை பேர் சொல்வதையும் கேட்டுக்கொண்டு எதையும் முழுக்க நம்பாமல் நிற்கிற ஒரு வெள்ளைக்கார அதிகாரி: யுத்தம் முடிந்த பின் வருகிற ராஜ்யபாரம் என்பது பெரும்பாலும் இந்த வரப்பின்மேல் நடந்த காரியமே.

அவர்கள் முதலிலேயே சரியாகச் செய்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பல வருஷக் குத்தகையாகத் தீர்வையை நிர்ணயித்துவிட்டால் குடிகள் மகிழ்வார்கள் என்று ரீட் கருதினார். மழையை நம்பிப் பிழைக்கிற குடியானவனோ, நாலு வருஷத்திற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டாம் வருஷம் வானம் பொய்த்தால் என்ன செய்வது என்று அஞ்சி, நிலத்தை விட்டுவிடத் தலைப்பட்டான். அதைக் கண்ட பிறகே, 1796 டிசம்பரில் ரீட் வெளியிட்ட பிரகடனம், வயலுக்கு வயல் தீர்வையை நிர்ணயித்து, எந்த நிலத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை வருஷந்தோறும் குடியானவனே தீர்மானிக்கலாம் என்று அனுமதித்தது. நடுவே ஜமீன்தார் இல்லாமல் சர்க்காருக்கும் உழுகிறவனுக்கும் நேரே உறவு வைக்கிற ரயத்துவாரி முறை இவ்விதமாகத்தான், பெரும்பாலும் குடிகளின் பிடிவாதத்தினால், இந்தச் சீமையிலே உருவாயிற்று. மேதாவிகள் மேஜையில் அமர்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடாகப் பாடப்புத்தகங்கள் இதை எழுதுகின்றன. தர்மபுரிக் குடியானவனுக்கும் அந்தக் கீர்த்தியில் ஒரு பங்கு கொடுப்பது நியாயம்.

மேலிடத்தாருக்கு இது திருப்தியளிக்கவில்லை. வங்காளத்தில் ஜமீன்தார்களை ஏற்படுத்திக் கிடைத்த சௌகரியத்தை எண்ணி, 1802-க்குப் பின் இந்தச் சீமையையும் மிட்டா என்ற சிறு ஜமீன்களாகக் கூறுபோட்டு ஏலம் விட்டார்கள். தீர்வையோ அதிகம், மழையோ குறைவு, ஏலம் எடுத்த மிட்டாதார்கள் பலர் பாக்கிப்பட்டு நொடித்துப் போக, மிட்டாக்கள் பல ஜப்தியாகிச் சர்க்காரிடமே திரும்பி வந்தன. தூரத்திலிருந்து போடுகிற உத்தரவுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லையாதலால், இதை இவ்வளவோடு விடுகிறேன்.

மலைக்கு மேலே, மைசூரில் நடந்தது வேறு மாதிரி. 1799 மே மாதத்தில் திப்பு மாண்டதும், ஐந்து வயதுக் குழந்தையாகிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரைச் சிங்காதனத்தில் அமர்த்திவிட்டு, அவருக்குத் திவானாகக் கும்பெனியார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஹைதரிடமும் திப்புவிடமும் மந்திரியாக இருந்த பூர்ணய்யாவை. நேற்றுவரை சத்துருவின் கஜானாவைக் காத்தவரிடமே இன்று கஜானாவைக் கொடுத்தார்கள். கணக்கு அவர் மனத்தில் இருந்தது. பழைய சேவகர்களை அவர் அறிவார். வந்ததும் வராததுமாகக் குடிகளின் பழைய வரிப் பாக்கிகளைத் தள்ளுபடி செய்தார். தேசம் வியக்கத்தக்க விதத்தில் அமைதியடைந்தது. 2003 மே மாதத்தில் பாக்தாதில் அமெரிக்க நிர்வாகி பிரெமர் செய்தது இதற்கு நேர்மாறு: பழைய கட்சியின் மேல்நிலை உறுப்பினர்களை உத்தியோகத்திலிருந்து நீக்க ஓர் உத்தரவு, சைன்யத்தைக் கலைக்க இன்னோர் உத்தரவு. கணக்குத் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். லட்சக்கணக்கான சிப்பாய்கள் சம்பளமின்றி ஆயுதத்தோடு போனார்கள். 1945-க்குப் பிந்திய ஜப்பானிலோ, அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் மந்திராலோசனைச் சபையையும் இலாகாக்களையும் வைத்துக்கொண்டு, ஜப்பானிய உத்தியோகஸ்தர்களின் கையாலேயே நிலச் சீர்திருத்தத்தை நடத்தினார்.

ஆனால் பூர்ணய்யாவின் கதையை இங்கேயே நிறுத்தினால் அது பாதிக் கதை. மைசூர் ராஜ்யம் கும்பெனிக்கு வருஷந்தோறும் ஏழு லட்சம் வராகன் கட்ட வேண்டியிருந்தது. தன்னைப் பாதுகாக்கிற அந்நியப் படைக்குத் தானே கூலி கொடுக்கிற ஏற்பாடு அது. திறமைசாலி இருந்தவரை அந்தச் சுமை தெரியவில்லை. 1811-ல் அவர் விலகிய பிறகு, செலவு மிகுந்த அரண்மனை ஒருபுறமும் தவறாத கப்பம் மறுபுறமுமாக, வரியை இவ்வளவுக்குக் குறையாமல் வசூலித்துத் தருகிறேன் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்களிடம் குடிகள் விடப்பட்டார்கள். 1830-ல் நகர் சீமையில் கலகம் மூண்டது. 1831-ல் ஆளத் தெரியவில்லை என்று காரணம் காட்டிக் கும்பெனியாரே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். 1881 வரையில், ஐம்பது வருஷம், அது திரும்பக் கொடுக்கப்படவில்லை.

என் அபிப்பிராயத்தில் விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வென்ற நாட்டை அறிந்துகொள்வது கஷ்டமானாலும் சாத்தியமே. மன்றோ அதைச் செய்தார், பூர்ணய்யா அதற்கு முன்பே அறிந்திருந்தார். அவ்வளவு அறிந்து எழுதிய கணக்கு யாரிடம் போய்ச் சேர்ந்தது? பாராமகாலின் கணக்கு சென்னை ரெவினியூ போர்டுக்குப் போயிற்று; மைசூரின் கணக்கு கப்பமாகப் போயிற்று. தீர்வை அதிகம் என்று குடிகள் கதறினால், கதறலைக் கேட்கிறவரும் தீர்வையை நிர்ணயித்தவரின் எஜமானராகவே இருந்தார். மன்றோ இதை உணராதவர் அல்லர். பின்னாளில் சென்னை கவர்னராக இருந்து 1824-ல் எழுதிய குறிப்பொன்றில், இந்நாட்டாரை உயர்ந்த பதவிகளிலிருந்து விலக்கி வைப்பது அவர்களை இழிவுபடுத்துவதாகும் என்று தம் சர்க்காரையே இடித்துரைத்தார். உணர்ந்தும், அந்தச் சர்க்காரின் கவர்னராகவே 1827-ல் காலரா கண்டு மாண்டார்.

நமக்கு மிக அண்மையில், நம் இனத்தாரின் வீட்டிலே நடந்த ஒன்றைச் சொல்லாமல் போவது கோழைத்தனம். 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப் படை இலங்கைக்குச் சென்றது. சில மாதங்களுக்குள் அமைதி காக்கப் போன படையே யுத்தத்தில் சிக்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நம் சிப்பாய்களும், எண்ணிச் சொல்ல மனம் துணியாத அளவுக்குத் தமிழ்க் குடிமக்களும் மடிந்தார்கள். 1988 நவம்பரில் தேர்தல் நடந்து, திருகோணமலையில் வடகிழக்கு மாகாண சபை அமைக்கப்பட்டு, வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். சபை இருந்தது, மந்திரிகள் இருந்தார்கள். நிலத்தின்மீதும் போலீஸின்மீதும் கஜானாவின்மீதும் உருப்படியான அதிகாரம் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. மக்களில் பெரும் பகுதியினரோ அந்தச் சபையை வேற்றுப் படையின் நிழலாகவே பார்த்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாய் கப்பலேறிய மாதத்திலேயே முதலமைச்சரும் இந்தியா வந்து சேர்ந்தார். அவர் திறமையுள்ளவரா, இல்லாதவரா என்று விவாதிப்பது வீண். வரி வாங்கவும் வரி கொடுத்தவனுக்குப் பதில் சொல்லவும் வழியில்லாத ஆட்சியில் எந்தத் திறமைசாலியை உட்கார வைத்தாலும் முடிவு அதிகம் மாறியிராது.

இன்னொரு செய்தி, இது உங்கள் பக்கத்து ஊர்ச் செய்தி. 1816-ல் மன்றோவின் முயற்சியால் வந்த சட்டங்களுள் ஒன்று, கிராமத்து மணியக்காரருக்குச் சிறு வழக்குகளை விசாரிக்கிற முன்சீப் அதிகாரத்தைக் கொடுத்தது. அந்நிய ஆட்சி என்ற நெடும் ஏணியிலே நம்மவருக்குக் கிடைத்த மிகத் தாழ்ந்த படி அது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் அந்த முன்சீப் பதவி வகித்த ஒருவருக்கு 1878-ல் ஒரு பிள்ளை பிறந்தது. ஓசூர்ப் பள்ளியிலே படித்த அந்தப் பிள்ளை, 1948 ஜூனில் டில்லியில் மவுண்ட்பேட்டன் எழுந்துபோன நாற்காலியில் கவர்னர் ஜெனரலாக அமர்ந்து, 1950 ஜனவரியில் அந்தப் பதவியே இல்லாமற்போகும் வரையில் வகித்தது. ராஜாஜியின் அரசியலோடு உடன்படாதவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருப்பீர்கள், நானும் பல விஷயங்களில் அப்படியே. ஆயினும் அடிப்படியிலிருந்து உச்சிப்படி ஏற இந்தச் சீமைக்கு நூற்று முப்பது வருஷம் பிடித்தது என்ற கணக்கு நினைவில் வைக்கத் தக்கது.

நீங்கள் நாளை முதல் சிப்காட்டில் ஷிப்டு பார்க்கப் போகலாம், பெங்களூருக்கு ரயில் ஏறலாம், வீட்டுமனை ஒன்று வாங்க எண்ணிப் பட்டா, சிட்டா, அடங்கல் என்று தாலுகா ஆபீஸ் படியேறலாம். ரீடும் மன்றோவும் வருஷாவருஷம் குடிகளை உட்கார வைத்து நடத்திய தீர்வை நிர்ணயத்தின் சந்ததி இன்றும் உயிரோடிருக்கிறது. ஜமாபந்தி என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பசலி ஆண்டின் முடிவிலும், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், தாலுகா ஆபீஸில் கிராமக் கணக்குகளை விரித்து வைத்துத் தணிக்கை செய்கிறார்கள். அப்போது பிரஜைகள் மனுக் கொடுக்கலாம், கொடுத்ததைக் கேட்டாக வேண்டும். உங்கள் கிராமத்துக்கு எந்தத் தேதி என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். இந்த வருஷம் உங்கள் தகப்பனாரை மட்டும் அனுப்பாமல், நீங்களும் கூடப் போய், உங்கள் ஊர் ஏரியின் பெயரில் அ-பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.